மயக்கம் தெளியும் அறை

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள், இப்போதெல்லாம் பையன்களும்தான், என்னைப் பார்க்க வந்தால் நலம் விசாரித்து முடித்ததும் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "சிஸ்டர், எந்த டிபார்ட்மென்ட் எடுத்தால் நல்லது?" யாருக்கு நல்லது என்று நான் திருப்பிக் கேட்பேன். ஐசியூ என்றால் வெளிநாடு போகலாமாம், தியேட்டர் என்றால் மரியாதையாம், டயாலிசிஸ் என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கலாமாம் என்று யாரோ சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அதில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்பதுதான் என் எரிச்சல்.

நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்கிறேன். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. ஒரு மத்தியானம் அது தானாகத் தெளிந்துவிட்டது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் பிறவியிலேயே கனாக் காண்கிறவள். எருமப்பட்டியில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, அது நிரம்பி வழிவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "ஏம்புள்ள, தண்ணி போறது கண்ணுக்குத் தெரியலியா?" என்று அம்மா கத்துவார். தெரியத்தான் செய்யும். வெயிலில் அந்தத் தண்ணீர் பளபளவென்று குடத்தின் கழுத்தைச் சுற்றி இறங்குவதைத்தானே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்ட பெண்ணை யாராவது நர்சிங்கில் சேர்ப்பார்களா? சேர்த்தார்கள். அம்மாவுக்கு ஒரே ஆசை, மகள் பிரசவ வார்டில் வேலை பார்க்க வேண்டும். ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியும் வைத்திருந்தார். எனக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. யார் கேட்டாலும் லேபர் வார்டு, லேபர் வார்டு என்றே சொல்லி வந்தேன்.

படிப்பு முடிந்து திருச்செங்கோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் கொஞ்ச காலம் அங்கேயே போட்டார்கள். பிரசவ வார்டு ஒரு தேர்த்திருவிழா. அலறல், ஓட்டம், அழுகை, பிறகு ஜிலேபி. அங்கே பொறுப்பில் இருந்த அக்காவுக்கு நாலு கை. ஒரே நேரத்தில் குழந்தையை எடுப்பார், வெளியே நிற்கிற மாமியாரை அதட்டுவார், டீ வரவில்லையே என்று கேட்பார். நானோ, பிறந்த குழந்தையின் கைவிரல்கள் ஒவ்வொன்றாக விரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "ஏனுங்கம்மா, தூங்கிட்டீங்களா? அந்தக் கத்திரிய இப்படிக் குடுத்தீங்கன்னா நாங்களும் வேலயப் பாத்துக்குவமுங்க" என்பார். எங்கள் பக்கத்தில் திட்டும்போதும் அந்த 'ங்க' போகாது. திட்டு அதனால் இன்னும் கொஞ்சம் ஆழமாகத்தான் இறங்கும். வேலையில் குறை வைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் தலை விண்ணென்று வலிக்க வீடு திரும்புவேன். பழகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது தியேட்டரை ஒட்டி இருந்த அறையில் வேலை பார்த்த சிஸ்டர் பிரசவ லீவில் போனார். ஆபரேஷன் முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு மயக்கம் தெளியும்வரை பார்த்துக்கொள்கிற அறை அது. ஆஸ்பத்திரியில் அதற்கு வைத்திருந்த பெயர் தூங்குமூஞ்சி வார்டு. "உனக்கேத்த எடம்தான், போயிட்டு வா" என்று சிரித்துக்கொண்டே என்னை அனுப்பினார்கள். தற்காலிகம் என்றுதான் நானும் போனேன்.

அந்த அறையை எப்படிச் சொல்வது? பச்சைத் திரைகள். ஏசியின் மெல்லிய ரீங்காரம். மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல், அதில் மலை. மத்தியானத்துக்கு மேல் வெயில் திரை வழியாக இறங்கி அறை முழுவதும் பச்சையாகிவிடும், குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல. அந்தப் பச்சைக்குள் ஒவ்வொருவராக மெல்ல மேலே வருவார்கள். முழுதாக வந்து சேர்வதற்கு முன்னால் என்னவோ சொல்வார்கள். லாரி ஓட்டுகிறவர் ஒருவர், "டோல்கேட்டுத் தாண்டியாச்சாடா?" என்று கிளீனரைக் கேட்டார். கோழிப்பண்ணை வைத்திருந்த ஓர் அம்மா, "வெயிலு ஏறுது, கோழிக்குத் தண்ணி உட்டீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சேலம் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், கண்ணைக்கூடத் திறக்காமல், "வாங்கம்மா, உக்காருங்க, என்ன விலையில பாக்கறீங்க?" என்று வரவேற்றார். "மெதுவா எடுத்துப் போடுங்க பாய், அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே நான் அவருடைய ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்தேன்.

தெளிந்த பிறகு யாருக்கும் இது ஞாபகம் இருக்காது. எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு ஆள் தன் பெயர் ஞாபகம் வருவதற்கு முன்னாலேயே எதைத் தேடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. யாரும் சொல்லாமலே நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவர்களைக் காலையிலேயே வார்டுக்குப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வருவேன். கண் விழிக்கும்போது தெரிந்த முகம் ஒன்றாவது எதிரில் இருக்கட்டுமே என்றுதான்.

அந்த நாளும் அப்படித்தான் போனேன். குமாரபாளையத்திலிருந்து வந்திருந்தார் பூங்கொடி. விசைத்தறி ஓட்டுகிறவர். பித்தப்பையில் கல். நல்ல உயரம், நல்ல குரல். இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவர்களும் எங்கள் பேச்சைக் கேட்டிருப்பார்கள்.

"கட்டுன பல்லு எதாச்சும் இருக்குங்களாக்கா? கண்ணாடி போடுவீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"காது நல்லாக் கேக்குமுங்களா?"

"எனக்கென்னங்க, நல்லாக் கேக்குமே! தறிச் சத்தத்துலயே பேசிப் பழகுனவங்க நாங்க."

பேசும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் தின்ற இட்லியும் சட்னியும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நான் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். "ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கறீங்க" என்று அவர் சத்தமாகச் சிரித்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

வார்டை விட்டு வெளியே வரும்போது மேட்ரன் அம்மா எதிரில் வந்தார். "பிரசவ வார்டுல நெரந்தரமா ஒரு எடம் காலியாவுது சாமி. நீயும் கேட்டுக்கிட்டே இருந்தியே. சாயங்காலம் ஊட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிரு. இல்லீன்னா வேற புள்ளயப் போட்டுருவேன். அப்புறம் எடம் எப்ப வருமோ தெரியாது."

இவ்வளவு நாள் காத்திருந்த இடம். சரிங்கம்மா என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "சாயங்காலம் சொல்றனுங்கம்மா" என்றுதான் வாயில் வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே என் அறைக்குப் போனேன். அம்மா எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

மத்தியானம் பூங்கொடியைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்திருந்தது. தொண்டையில் போட்டிருந்த மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள், மூச்சு தானாகச் சீராக வந்துகொண்டிருந்தது. வழக்கம்போல நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டேன். இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர் விழித்து, தண்ணீர் கேட்டு, வார்டுக்கும் போய்விட்டார். பூங்கொடி மட்டும் வரவில்லை.

மயக்க மருந்து கொடுத்த டாக்டரைக் கூப்பிட்டேன். இளைஞர், நிதானமானவர். கண்பாவையைப் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் எல்லாம் பார்த்தார். எதிலும் கோளாறு இல்லை. தோளில் கிள்ளினால் முகத்தைச் சுளித்துக் கையைத் தட்டிவிடுகிறார், திரும்பவும் தூங்கிவிடுகிறார். "பூங்கொடிம்மா, கண்ணத் தொறங்க! கைய அழுத்துங்க!" என்று டாக்டர் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னார். விரல்கூட அசையவில்லை.

"வலி தெரியுது, சொல்றது மட்டும் ஏறல" என்றார் டாக்டர். அவர் நெற்றி வியர்த்திருந்தது. "ஏற்கெனவே பிரஷர் இருக்கறவங்க. மூளையில ஏதாவது ஆகியிருந்தா நேரம் போகப் போக ஆபத்து சிஸ்டர். சேலத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்துடலாம். போற வழியில மூச்சு நின்னுடக் கூடாது, மறுபடி குழாய் போட்டே அனுப்புவோம். வண்டிக்குச் சொல்லுங்க."

அவர் பயந்ததில் தப்பே கிடையாது. அந்த இடத்தில் பயப்படாத டாக்டரிடம் என் வீட்டு ஆளை நான் படுக்க வைக்க மாட்டேன். ஆனால் நன்றாக மூச்சு விடுகிறவரின் தொண்டையில் மறுபடியும் குழாய் இறக்கி, வெயிலில் அவ்வளவு தூரம் வண்டியில் கொண்டுபோவது சின்னக் காரியமா? தேவைப்பட்டும் செய்யாமல் விட்டால் அதைவிட மோசம். வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்து, குழாய்க்கு வேண்டியதையெல்லாம் தட்டில் எடுத்து வைத்தேன். கை தன்போக்கில் வேலை செய்தது. கண் பூங்கொடியின் வலது கையிலேயே இருந்தது.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. ஒரு சுற்று, ஓர் இழுப்பு, கொஞ்சம் ஓய்வு. மறுபடி ஒரு சுற்று, ஓர் இழுப்பு. நான் என் பழக்கப்படி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயடியில் நின்ற மாதிரியேதான். அப்போது பிடிபட்டது. தறியில் அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடுகிறார். முடித்ததும் அடுத்த இழை. பூங்கொடி எங்கேயும் போய்விடவில்லை, குமாரபாளையத்தில் தன் தறியில் நின்றுகொண்டிருக்கிறார். ஓடுகிற தறிக்கு நடுவே நிற்கிறவரை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படிக் கேட்கும்? காலையில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் உடனே ஞாபகம் வந்தது.

"டாக்டர், வண்டி வரட்டுங்க. எல்லாம் எடுத்து வெச்சுட்டேன். வர்றதுக்குள்ள இவங்க ஊட்டுக்காரர ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றனுங்க."

"என்ன கேக்கப் போறீங்க?"

"இவங்கள ஊட்டுல எப்படி எழுப்புவாங்கன்னுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மானிட்டரைப் பார்த்தார். "மூச்சு இப்படியே இருக்கற வரைக்கும் நான் நிக்கறேன். சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டுத் தலைமாட்டில் போய் நின்றுகொண்டார்.

பூங்கொடியின் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். பையில் பூங்கொடியின் செருப்பு. நான் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் கேட்டேன். அவர் பதில் சொன்னபோது வராந்தா முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"எழுப்பறதுங்களா? காலு கட்டவெரலப் புடிச்சு ஆட்டுவனுங்க! கூப்புட்டா ஆருக்குக் கேக்குது, சொவத்துக்கு அந்தப்பக்கம் தறி ஓடிக்கிட்டே இருக்குதே! என்ற ஷிப்ட்டு முடிஞ்சு வந்து வெரலப் புடிச்சன்னா அவ எந்திரிச்சுத் தறிக்குப் போயிருவா. அவ வந்து புடிச்சா நான் போவனுங்க. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அப்படித்தானுங்க."

"அவங்களுக்குக் காது எப்படீங்க?"

"காதா? நல்லாக் கேக்குமுங்க! மொகத்தப் பாத்துப் பேசுனீங்கன்னா எல்லாமே கேக்கும்!"

அவர் பொய் சொல்லவில்லை. காலையில் பூங்கொடி சொன்னதும் பொய்யில்லை. தறி ஓடுகிற அந்தத் தெருக்களில் எல்லோருக்கும் கேட்பது அவ்வளவுதான். எல்லோரும் உரக்கப் பேசி, முகம் பார்த்து, கைகாட்டி வாழ்கிற இடத்தில் காது மந்தம் என்று யார் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? முகம் பார்த்துக் கேட்கிறவரை, முகத்தை மூடிக்கொண்டு நாங்கள் அத்தனை பேரும் கூப்பிட்டிருக்கிறோம்.

பழக்கத்தில் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டே உள்ளே ஓடினேன். போர்வையை விலக்கி, வலது கால் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். விட்டுவிட்டு மறுபடி ஆட்டினேன்.

விரல்களின் முடிச்சு நின்றது. இமைகள் துடித்தன. கண்கள் திறந்தன.

"கைய அழுத்துங்க" என்றார் டாக்டர், முகக்கவசத்துக்குள்ளிருந்து. பூங்கொடியின் பார்வை அவர் முகத்தில் எதையோ தேடி அலைந்தது. என் முகத்துக்கு வந்து அங்கேயும் தேடியது. நான் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, குனிந்து, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னேன். "பூங்கொடிக்கா, என்ற கைய அழுத்துங்க."

அழுத்தினார். தறிக்காரப் பிடி. எனக்கு வலித்தது. வலித்தது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பச்சை வெளிச்சத்தில் எதுவும் அதிரவில்லை, எதுவும் ஓடவில்லை. வறண்ட தொண்டையால் என்னைக் கேட்டார்.

"கரண்டு போயிருச்சுங்களா?"

"ஆமாங்கக்கா. வந்துரும். அது வரைக்கும் படுத்திருங்க" என்றேன்.

டாக்டர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு அவரும் முகக்கவசத்தை இறக்கி, பேர் கேட்டார், ஊர் கேட்டார், இரண்டு கையையும் இரண்டு காலையும் தூக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வண்டி வேண்டாம் என்று அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அழுகை வந்தது. திரைக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

இதைக் கட்டைவிரல் வைத்தியம் என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். சர்க்கரையும் மூச்சும் கண்பாவையும் பார்த்த பிறகு, டாக்டர் தலைமாட்டில் நிற்க, வண்டி வந்துகொண்டிருக்க, அந்த இடைவெளியில்தான் நான் போய்க் கேட்டேன். அது பலிக்காமல் போயிருந்தால் குழாய்க்கான தட்டை எடுத்து நீட்டியிருப்பேன்.

சாயங்காலம் மேட்ரன் அம்மா கேட்டார். "என்ன சாமி, பிரசவ வார்டுதானே?"

"இல்லீங்கம்மா. இங்கியே இருந்துக்கறனுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லா யோசிச்சியா? அங்கன்னா பேர் வாங்கலாம். பொறந்த புள்ளைக்கு உம் பேரயே வெப்பாங்க. இங்க மயக்கத்துல கெடந்தவங்களுக்கு உன்னய ஆருன்னே தெரியாது."

"தெரியாதுங்கம்மா. அது பரவால்லீங்க."

அம்மாவுக்குப் போனில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "அங்க உனக்கு என்ன சாமி வேல?" என்றார். மயக்கத்தில் இருக்கிறவர்களைப் பக்கத்தில் இருந்து எழுப்பி விடுவது என்றேன். "அதுக்கா இவ்ளோ படிச்சே? அந்த வேலய நான் உனக்கு தெனமும் செஞ்சனே" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

லீவில் போன சிஸ்டர் வேறு வார்டு கேட்டுக்கொண்டார், நான் அந்த அறையிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். ஒருமுறை பிரசவ வார்டு அக்கா ஒரு நாள் மட்டும் எனக்குப் பதிலாக உட்கார்ந்துவிட்டு, "ஏனுங்கம்மா, இங்க எப்படித்தான் இருக்கறீங்களோ, எனக்குப் பைத்தியமே புடிச்சிரும் போலிருக்குது" என்று ஓடியே போனார். அவருக்கு அந்த அமைதி தண்டனை. எனக்கு அவருடைய திருவிழா தண்டனை. இதில் யார் உசத்தி? எந்த வார்டில் இருந்து வீட்டுக்குப் போகும்போது உங்களுக்குத் தலை வலிக்கவில்லையோ, யாரும் சொல்லாமலே எங்கே ஒரு வேலையை நீங்களாக ஆரம்பித்தீர்களோ, அதை முதலில் கவனியுங்கள். நான் கண்ட கனவெல்லாம் குறை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அந்தக் குறைக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன இடம் அது ஒன்றுதான்.

போன வருஷம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள். மயக்கம் தெளியும் அறையில் என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள், வேலைக்குப் புதிது. வார்டுக்கு வந்த பிறகு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் முழிக்கறப்ப என்ன சாமி சொன்னேன்?"

அவள் முதலில் தயங்கினாள். "மாஸ்க்க எறக்கிட்டுப் பேசு சாமி, அந்தக்காவுக்குக் காது கேக்காது, அப்படீன்னீங்க சிஸ்டர். பக்கத்துக் கட்டிலக் காட்டிச் சொன்னீங்க."

"பக்கத்துக் கட்டில்ல ஆரு இருந்தாங்க?"

"ஆரும் இல்லீங்க. காலியாத்தான் கெடந்துச்சு." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "இருந்தாலும் நான் எறக்கிட்டனுங்க."

எந்த டிபார்ட்மென்ட் எடுக்கப் போகிறாய் என்று அவளிடம் நான் கேட்கவில்லை.